பதினோராம் எண் கூண்டு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"பருவமழை வெள்ளமும் முன்னெச்சரிக்கையும்" என்ற தலைப்பில் பேசச் சொன்னீர்கள். நாற்பது ஆண்டுக்காலம் புவியியல் பாடம் நடத்தியவனுக்கு இது வசதியான தலைப்புத்தான். மூன்று மணி நேரம் கேட்டாலும் பேசிவிடலாம். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் ஒரே ஒரு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாமல் போயிற்று. இன்றைய உரை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருக்கும். கேட்டவர் என் அடுத்த வீட்டு ஆச்சி.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். காலையிலிருந்து விட்ட பாடில்லை மழை. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் சிவப்பு எச்சரிக்கை என்று தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சி திண்ணைக்கு வந்து நின்று கேட்டார்: "வாத்தியாரய்யா, டிவியில செவப்பு செவப்புன்னு சொல்லுதாங்களே, செவப்புன்னா தண்ணி எந்தத் தெரு வரைக்கும் வரும்?"

சிவப்பு என்றால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடும் என்று பொருள். அது எனக்குத் தெரியும். வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆச்சி கேட்டது அதையில்லை. அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு மேலே இருந்த யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை 8.30 மணிக்கு அளந்தபோது, முந்தைய 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாகியிருந்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையைவிட அதிகமாக ஒரே நாளில் ஓர் ஊரில் கொட்டியிருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். அப்படியானால் 95 சென்டிமீட்டர் என்பது சதுர கிலோமீட்டருக்கு 95 கோடி லிட்டர். தேரிக்காட்டு மணலும் அதைக் குடித்துத் தீர்க்காது.

மழையைச் சொல்வது

இந்தியாவில் வானிலை பார்ப்பது இன்று நேற்றுத் தொடங்கிய வேலையில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வுக்கூடம் கட்டியது. அதை நினைவுபடுத்தும் கருங்கல் தூண் இன்றும் மண்டல வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு. 1864இல் ஒரே பருவத்தில் கல்கத்தாவையும் மசூலிப்பட்டினத்தையும் இரண்டு புயல்கள் அடித்துப் போட்டன. மறு ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் பிறந்தது. பஞ்சமும் புயலும் பெற்ற பிள்ளை என்று அதைச் சொல்லலாம்.

வானிலையைக் கணக்குப் போட்டுச் சொல்ல முதலில் துணிந்தவர்களுள் ஒருவர் லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். 1910 மே 20ஆம் தேதிக்குரிய ஆறு மணி நேர மாற்றத்தைக் கையாலேயே கணக்கிட்டார். ஆறு வாரம் பிடித்தது. விடை படுதோல்வி. காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று வந்தது; உண்மையில் அன்று அது ஏறக்குறைய அசையவே இல்லை. ஆனாலும் அவர் வெட்கப்படாமல் தோல்வியை அப்படியே 1922இல் நூலாக வெளியிட்டார். இன்றைய கணினி முன்னறிவிப்பு முழுவதும் அந்தத் தோல்வியின் மேல் எழுப்பியதுதான். பிறகு 1961இல் எட்வர்ட் லாரன்ஸ் என்ற வானிலை அறிஞர், 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கணினியில் இட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அவருடைய கணக்கு வானம் வேறு வானமாகியிருந்தது. தொடக்கத்தில் ஒரு கடுகளவு பிசகினால் போகப் போக வானமே மாறும் என்று அன்று தெரிந்தது.

இந்த எல்லைக்குள் நின்றுகொண்டுதான் நம்மவர்கள் எவ்வளவோ சாதித்திருக்கிறார்கள். 1983இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேலே போனபின் வங்கக் கடலின் மேகங்களை மணிக்கு மணி பார்க்க முடிந்தது. 2002இல் சென்னைத் துறைமுகத்தில் டாப்ளர் ரேடார் சுழலத் தொடங்கியது. 2025 மே மாதம் நாட்டுக்கு அளிக்கப்பட்ட புதிய முன்னறிவிப்பு முறை, இந்தியாவை 6 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பார்க்கிறது. அதற்கு முன் அந்தக் கட்டம் 12 கிலோமீட்டர்.

ஆனால் நம் வடகிழக்குப் பருவமழையின் குணத்தை நினைத்துப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்தில் தமிழ்நாட்டுக்குச் சராசரியாக 44 சென்டிமீட்டர் கிடைக்கிறது. ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி. அது நாள்தோறும் தூறித் தீர்க்கும் மழையில்லை. ஐந்தாறு நாட்களில் கொட்டிவிட்டுப் போகிற மழை. 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களை முக்கியது புயல்கூட இல்லை. குமரிக் கடல் மேல் நின்ற ஒரு மேலடுக்குச் சுழற்சி. அதற்குப் பெயர் கிடையாது. பதினைந்து நாள் முன்பு சென்னையை முக்கிய மிக்ஜாம் புயலுக்குப் பெயர் இருந்தது, வரைபடத்தில் பாதை இருந்தது, கரை கடக்கும் நேரம் இருந்தது. பெயர் உள்ள விருந்தாளிக்கு வாசலில் காத்திருப்போம். பெயரில்லாதவன் வந்தால் யாரோ என்று கதவைச் சாத்திக்கொள்வோம். அப்படித்தான் ஆயிற்று.

சொல்லுக்கும் செவிக்கும் நடுவே

வெள்ளம் வடிந்ததும் வாதம் தொடங்கியது. முன்பே எச்சரித்தோம் என்றது ஒரு தரப்பு. 20 சென்டிமீட்டருக்கு மேல் என்றீர்கள், 95 என்று சொல்லவில்லையே என்றது மறு தரப்பு. இருவரும் சொன்னது உண்மை. அதிலேதான் சிக்கல் இருக்கிறது.

வானிலைத் துறையின் கணக்கில், 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, 21 தொடங்கி அதி கனமழை. முன்னறிவிப்பில் அதற்கு மேல் சொல் இல்லை. 21க்கும் அதி கனமழைதான், 95க்கும் அதி கனமழைதான். இரண்டுக்கும் ஒரே சிவப்பு. ஏணியின் கடைசிப் படிக்கு மேல் வானம்தான் இருக்கிறது.

இன்னொரு சொல்லைப் பாருங்கள். "ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்பு" என்று நாம் தினமும் கேட்கிறோம். வானிலைத் துறைக்கு அது கலைச்சொல். ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை பெய்தால் ஓரிரு இடங்கள், பாதி வரை என்றால் சில இடங்கள், முக்கால்பங்கு வரை என்றால் பல இடங்கள், அதற்கும் மேலே போனால் பெரும்பாலான இடங்கள். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு "ஓரிரு இடம்" என்றால் எங்கோ ஓரிடம், நம் இடமில்லை. அலுவலகத்தில் அளவாகப் பிறந்த சொல், வீட்டுக்கு வரும்போது ஆறுதலாகிவிடுகிறது. சொன்னவர் பொய் சொல்லவில்லை, கேட்டவர் தவறாகக் கேட்கவுமில்லை. நடுவில் யாரும் இருந்து பெயர்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த பெயர்ப்பு இன்னும் கடினம். மழையைச் சொல்வது ஒரு வேலை, அந்த மழை தண்ணீராகி எங்கே போகும் என்று சொல்வது வேறு வேலை. முன்னது வானத்தைப் பார்த்துச் செய்வது. பின்னதைச் செய்ய ஏரி, கலிங்கு, மதகு, பாலத்தின் கண், அடைபட்ட ஓடை, புதிதாக மண் கொட்டி உயர்த்திய சாலை எல்லாவற்றையும் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை மழையை எடுத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. பருவம் ஏற்கெனவே அதை நிரப்பி வைத்திருந்தது. அன்றிரவு விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறக்கப்பட்டது. அதாவது விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டர். அதை மனிதர் செய்த பேரிடர் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை பின்னர் கூறியது. ஆனால் ஏரியை மட்டும் கூண்டில் ஏற்றினால் கதை முழுமையாகாது. ஆதனூர்ப் பக்கமிருந்து வரும் அடையாற்றின் கிளையிலும், தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் புரண்டு வந்த நீருக்கு மதகும் கிடையாது, திறப்பவரும் கிடையாது, அறிவிப்பவரும் கிடையாது. முடிச்சூரில் முதலில் நுழைந்தது அந்தத் தண்ணீர்தான்.

2024இல் பெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் நின்று பெய்தது. மயிலத்தில் அரை மீட்டர், புதுவையில் அதற்குச் சற்றே குறைவு. மறுநாள் அது உள்ளே போய், கடலே தெரியாத ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி போயிற்று. 47 லட்சம் லிட்டருக்கு மேல். படிப்படியாக எச்சரித்த பிறகே திறந்தோம் என்றது அரசு. உறங்கும் நேரத்தில் திறந்துவிட்டார்கள் என்றனர் எதிர்க்கட்சியினர். தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். "1.68 லட்சம் கன அடி" என்ற அறிவிப்பு கரையோரத்தில் கண் விழித்த ஒருவர் காதில் விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். அவர் மாட்டை அவிழ்ப்பதா, கட்டிலின் மேல் ஏறி நிற்பதா, ஊரைவிட்டு ஓடுவதா என்று அந்த எண் அவருக்குச் சொல்லுமா? ஆச்சியின் கேள்விதான் திரும்ப வருகிறது: தண்ணி எந்தத் தெரு வரைக்கும்?

கூண்டும் கோயிலும்

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய மொழி உண்டு. "பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வருகிறோம். கூம்பும் உருளையுமாகச் சில உருவங்களைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். இரவானால் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. 1, 2 என்றால் தொலைவில் புயல். 3, 4 உள்ளூருக்கு எச்சரிக்கை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் போகும், நேராகத் தலைக்கு மேலேயே வருமா என்பதைப் பொறுத்து எண் மாறும். கப்பலோட்டிக்குத் தேவையான பதில் அந்த எண்ணிலேயே இருக்கிறது. அவன் கேள்வி தெரிந்து அமைத்த மொழி அது.

பத்துக்கு மேல் ஓர் எண் இருப்பதை என் மாணவர்களிடம் சொன்னால் வியப்பார்கள். பதினோராம் எண் கூண்டு. அதன் பொருள் இது: வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அலுவலர் கருதுகிறார்.

இதை வகுத்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. மிக மோசமான நேரத்தில் கம்பி அறுந்துபோகும் என்று அவர்கள் முன்கூட்டியே கணக்கில் வைத்தார்கள். அப்போது மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராதே, உன் கண்ணை நம்பு, கூண்டை ஏற்று என்று கம்பத்தின் அடியில் நிற்பவனுக்கு அதிகாரம் கொடுத்தார்கள்.

2023 டிசம்பர் 17 இரவு எங்கள் பகுதியில் மின்சாரம் போயிற்று. பிறகு கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. செயலிகள், குறுஞ்செய்திகள், நிறங்கள் எல்லாம் பையிலிருந்த கருப்புக் கண்ணாடிக்குள் முடங்கின. அதே இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்துக்கு வந்தது. உள்ளே ஏறத்தாழ 800 பயணிகள். முன்னே தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டிருந்தது. நிலைய அலுவலர் ரயிலை மேலே விடவில்லை. பயணிகள் இரண்டு நாள் தவித்தார்கள், அந்த ஊர் மக்கள் அவர்களுக்குச் சோறு கொடுத்தார்கள், எல்லோரும் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அன்று ஸ்ரீவைகுண்டத்தில் ஏறியது பதினோராம் எண் கூண்டு என்றுதான் நான் சொல்வேன்.

இதே தாமிரபரணிக் கரையில் இன்னும் பழைய ஒரு பாடம் இருக்கிறது. திருநெல்வேலிக் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் என்று தெரிந்தே கட்டிய கோயில். நீரைக் கிழித்துவிடும்படி அதைப் படகுபோல் அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறுகிறது என்றால் உற்சவரையும் உண்டியலையும் மேட்டிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எந்த அளவுக்கு ஏறினால் புறப்பட வேண்டும், யார் தூக்க வேண்டும், எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். கூட்டம் போட்டு முடிவெடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் வராமலே போனால் சுவாமியைத் திரும்பக் கொண்டு வருவார்கள். வீணாகத் தூக்கினோமே என்று யாரும் குறைபட்டுக்கொண்டதாக நான் கேட்டதில்லை.

நாம் மட்டும் வானிலை அறிவிப்பு பொய்த்தால் கேலி செய்கிறோம். சென்னை வானிலை மைய அதிகாரியாக இருந்த ரமணன் அவர்கள் தொலைக்காட்சியில் தோன்றினால் நாளை விடுமுறை என்று பிள்ளைகள் குதித்த காலத்தையும், மறுநாள் வெயில் அடித்தால் பெரியவர்கள் சிரித்த காலத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். பத்தில் மூன்று முறை வராத வெள்ளத்துக்காகவும் புறப்பட்டால்தான் வரும் ஏழு வெள்ளத்திலும் தப்ப முடியும். சுவாமிக்குக் கொடுத்த அந்தச் சலுகையை ஆசாமிக்கும் கொடுக்க வேண்டும்.

இது முடியாத காரியமில்லை. 1970 நவம்பரில் வங்கக் கடலின் வட கோடியில் வந்த போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். அதன் பின் வங்கதேசம் ஊர் ஊராகத் தன்னார்வலர்களைத் திரட்டியது. இன்று 70,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள், பாதிப் பேர் பெண்கள். அபாயம் கூடக் கூட ஊர்க் கம்பத்தில் ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி என்று ஏற்றுவார்கள். ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போவார்கள். ஒடிசாவில் 1999 பெரும்புயல் ஏறத்தாழ 10,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2013இல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேரளவில் முன்கூட்டியே இடம் பெயர்த்தார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. இடையில் செயற்கைக்கோள் மட்டும் வளரவில்லை. புகலிடங்கள் எழுந்தன, ஒத்திகை நடந்தது, தட்டுகிற கதவைத் திறக்கலாம் என்ற நம்பிக்கை வளர்ந்தது.

நம்மிடமும் ஊருக்குச் செய்தி சொல்பவர் இருந்தார். தண்டோரா போட்டவர். அந்த வேலையைச் சாதியின் பெயரால் ஒருவர் தலையில் சுமத்தியிருந்தோம். 2022இல் அரசு தண்டோராவை நிறுத்தச் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் அவர் அறிந்திருந்த ஒன்றை நாம் இழந்துவிடக் கூடாது. எந்தச் சந்தில் காது கேளாத கிழவி தனியாக இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். எந்தச் செயற்கைக்கோளுக்கும் அது தெரியாது. அந்த அறிவை இழிவில்லாமல், மதிப்போடும் ஊதியத்தோடும் அதிகாரத்தோடும் ஊருக்கு ஒருவரிடம் திரும்பவும் ஒப்படைக்க வேண்டும். பதினோராம் எண் கூண்டை ஏற்றும் உரிமை அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். இந்த மேடையில் நான் வைக்கும் கோரிக்கை இது ஒன்றுதான்.

சுவரில் ஒரு கோடு

2023 டிசம்பரின் அந்த இரவில் ஆச்சியை எங்கள் தெரு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கிப் பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டு சேர்த்தார்கள். வெள்ளம் வடிந்தபின் சில மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். சேறு படிந்த தடம் மறைவதற்குள் சுவர்களில் நீல மையால் கோடு போட்டு, பக்கத்தில் 2023 என்று எழுதினோம். ஆச்சி தம் வீட்டுப் படியைக் காட்டி, "தொண்ணூத்திரெண்டுல இதுவரைக்கும்தான் வந்துச்சு" என்றார். அங்கே 1992 என்று இன்னொரு கோடு. அந்த ஆண்டு நவம்பர் வெள்ளத்தைத் தாமிரபரணிக் கரையில் யாரும் மறக்கவில்லை.

2024 டிசம்பர் நடுவில் ஆறு மறுபடி பெருகியது. ஆச்சி திண்ணைக்கு வந்தார். இந்த முறை கேள்வி மாறியிருந்தது: "வாத்தியாரய்யா, மேக்கோட்டுக்கு வருமா, கீழ்க்கோட்டோட நிக்குமா?" இதற்குப் பதில் தேட வழி இருந்தது. ஆற்றின் மேற்பக்கமிருக்கும் என் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் போட்டேன். அவன் ஊர்ப் படித்துறையில் தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, "கீழ்க்கோட்டையே தொடாது ஆச்சி, பயப்படாதீங்க" என்றேன்.

அவர் அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே போய், துணிப் பொட்டலத்தையும் மாத்திரை டப்பாவையும் எடுத்து வந்தார். "எதுக்கும் பள்ளிக்கூடத்துல போய்ப் படுத்துக்கிடுதேன். தண்ணி வரலைன்னா காலையில வந்துருவேன், அதுல என்ன?" என்றார்.